ஒரு முழ எழுத்து

இருபதடி நீளம், பத்தடி உயரம்.
"வட்டி இல்லை" ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம்.
அதுக்கு மேலே "முதல் மாதம்" எண்டதை
மஞ்சளில் வெளிறின மஞ்சளாய்ப் போடச் சொன்னவர்
சுடர்வழி கிரெடிட்டின் முகாமையாளர் கஜவதனன்.
இன்னும் கொஞ்சம் சின்னனாக்கும் எண்டவர்.
வாசிக்கேலாது அண்ணை, எண்டன்.
சிரிச்சவர்:
"வாசிக்கிற ஆக்களுக்கு நாங்கள் கடன் குடுக்கிறேல்லை."

எட்டு வருசமாய் ஸ்ரான்லி வீதியில் பிளெக்ஸ் அடிக்கிறன்.
தேர்த் திருவிழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி.
ஒரு சுழி பிழைச்சால் சண்டைக்கு வருவினம்.
இதிலை எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை.
காசு கையிலை. மெஷின் ஓடினது.

பாசையூர் மரியகொறற்றி
கொய்யாத்தோட்டம் போற வழியில் அதைப் பார்த்திருக்கிறா.
அறுபதாயிரம் எடுத்தா,
கையிலை வந்தது ஐம்பத்தாறாயிரத்து நானூறு.
ஆவணச் செலவாம், காப்புறுதியாம்.
பிறகு ஐம்பத்திரண்டு திங்கட்கிழமை,
ஒவ்வொண்டுக்கும் ஆயிரத்து ஐந்நூற்று இருபது.
நண்டு பட்ட கிழமையும்
காத்துக்கு வள்ளம் இறங்காத கிழமையும்
அவைக்கு ஒண்டுதான்.
ஒராள் கட்டாட்டில் குழுவில் ஒருத்தரும் எழும்பேலாது.
அவவுக்காக ஒரு நாள்
ஒன்பது பொம்பிளையள்
விளக்கு வைக்கும்வரை பாயிலை இருந்தவை.
ஒருத்தியின்ர பிள்ளைக்குக் காய்ச்சல்.

அடுத்தநாள் அந்தப் பதாகையை போனிலை படம் எடுத்து
விரலால் விரிச்சு, விரிச்சு,
மஞ்சளுக்குள்ளே மஞ்சளைக் கண்டுபிடிச்சு
கச்சேரிக்குக் கொண்டுபோனவ மரியகொறற்றி.

படத்தின்ர மூலையில் என்ர கடைப் பெயரும் நம்பரும்.
"முதல் மாதம்" எண்டதிலும் பெரிசாய்.

அதிகாரசபையில் இருந்து ஒரு அம்மா அடிமட்டத்தோடை வந்தவ.
பதினெட்டு அங்குலம். முக்கால் அங்குலம்.
எழுதிக்கொண்டா.
பைல் கேட்டவ. எடுத்துக் குடுத்தன்.
"வட்டி கடைசி", "வட்டி கடைசி இரண்டு",
"வட்டி உண்மையான கடைசி".
ஒவ்வொண்டிலும் அந்த ரண்டு சொல்லு
தேய்பிறை மாதிரிக் குறைஞ்சுகொண்டு போனது.
தேநீர் வேண்டாமெண்டிட்டா.

கொழும்பில் மூண்டு தவணை. நாலாவதுக்கு முதல் இணக்கம்.
எழுபது லட்சம், நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு.
ஆளுக்கு ஆயிரத்து எழுநூற்று இரண்டு ரூபா:
ஒரு திங்கட்கிழமை,
மிச்சத்துக்கு ஒரு றாத்தல் பாண்.

கடிதத்தை மரியகொறற்றி என்னட்டைத்தான் கொண்டுவந்தவ.
"நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ளவும் இல்லை,
மறுக்கவும் இல்லை" எண்டு வாசிச்சன்.
திருப்பி வாசிக்கச் சொன்னா.
திருப்பி வாசிச்சன்.
"அவையும் இல்லையெண்டால், தங்கச்சி,
அப்ப ஆர் அடிச்சது?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
ஆற்றையோ மகளுக்குப் பிறந்தநாள்.
நான்தான் அக்கா அடிச்சனான், எண்டு
சொல்ல வாயெடுத்தன்.
அவ காசோலையை மடிச்சு
சட்டைக்குள்ளே வைச்சுக்கொண்டு போயிற்றா.

மாசி மாதம் சுடர்வழியில் இருந்து ஓடர்.
கஜவதனன் இல்லை, புதுப் பெடியன்.
திருத்த அறிவித்தல்,
முப்பது நாள் தொங்கவேணும்,
எழுத்து பழைய விளம்பரத்தின் அளவே இருக்கவேணுமாம்.
அடிச்சன்.
"எமது முன்னைய விளம்பரம்
சிலருக்குத் தெளிவற்றதாக அமைந்திருக்கலாம்."
அந்தக் "கலாம்" ஒரு முழம்.
மெஷினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை.

கட்டினது கிளையின்ர பின்மதிலில்,
தவணை தவறிப் பறிச்ச மோட்டார்சைக்கிளுகளுக்கு மேலே.
அங்கை போறது
பூட்டுத் திறக்கிற காவல்காரனும் ஒரு பூனையும்.

பில் குடுத்தன். முப்பத்தோராயிரம்.
பெடியன் மரியாதையாய்க் கேட்டான்,
அறுபது நாள் தவணை தருவீங்களோ எண்டு.
வட்டி?
சிரிச்சான்.
பில்லை வாங்கி, அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவில்,
ரண்டு சொல்லு எழுதிக் குடுத்தன்.
வாசிக்காமல் கையெழுத்து வைச்சான்.